எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறோம்?

சிம்மக்கல்லில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்கு ஓர் அண்ணன் வருவார். அறுபதை நெருங்கும் வயது. பழைய பாட்டு ஒன்றின் முதல் வரியைச் சொன்னால் போதும், படம், பாடியவர், மெட்டுப் போட்டவர், மதுரையில் எந்தத் தியேட்டரில் எத்தனை வாரம் ஓடியது என்பது வரை ஒப்பிப்பார். சித்திரைத் திருவிழா நெருங்கிய ஒரு சாயங்காலம், என் செல்போனில் ஓடிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்ன தம்பி இது? தகரக் கொட்டகையைத் தார் ரோட்டுல இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கு." அடுத்த மிடறுக்குள் பேச்சு 'அமரன்' படத்துக்குத் தாவியது. "படம்னா அது படம். பட்டாளத்துப் படம் பாத்தா நெஞ்சு நிமிரணும், தியேட்டர் அதிரணும்." அவர் சொல்லி முடிப்பதற்குள் நான்கு குழாய் ஸ்பீக்கர் கட்டிய மினி லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. கையிலிருந்த கிளாஸ் நடுங்கியது. அண்ணன் குரலை இரண்டு மடங்கு உயர்த்திப் பேச்சைத் தொடர்ந்தார். லாரி போனதே அவர் காதில் ஏறவில்லை.

அவரைப் பகடி செய்ய இதை எழுத உட்காரவில்லை. அவர் சொன்னதுதான் ஊர்ப்பேச்சு. பட்டிமன்ற மேடையில் கைதட்டல் வாங்குகிறவர்களும் பத்திரிகையில் எழுதுகிறவர்களும் இதையே கொஞ்சம் நயமான தமிழில் சொல்கிறார்கள். அவர்கள் கட்சியை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி முதலில் அடுக்கிவிடுகிறேன். இப்போது வரும் ராக் இசை வெறும் இரைச்சல். மெட்டு இல்லை, சொல் புரிவதில்லை. அது நம்முடையதும் இல்லை. கிதாரும் டிரம்சும் கப்பலேறி வந்தவை. ராக் என்று ஒன்று இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும் அது எழுபதுகளோடு, போனால் போகிறது, லிங்கின் பார்க் குழுவோடு முடிந்துபோனது. இன்று நடப்பது அதன் திதி. போர்ப்படம் இதற்கு நேர் எதிர். அது நாட்டுக்கு வேண்டியது, இளைஞர்களுக்கு ஊட்டம். பார்த்துவிட்டு வருகிறவன் மீசையை முறுக்கிக்கொண்டு வர வேண்டும்.

நான் இரண்டுக்கும் ரசிகன். வெற்று டிடிகே கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்த காலத்திலிருந்து ராக் கேட்கிறேன். ரயில் நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றத்தில், பகலில் படிப்பகமாகவும் பொழுது சாய்ந்தால் இங்கிலீஷ் படக் கொட்டகையாகவும் இருந்த ரீகலில் போர்ப்படம் பார்த்து வளர்ந்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: மேலே அடுக்கிய நான்கு பேச்சும் ஒரே வேரில் முளைத்தவை. நமக்குச் சத்தத்தின் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. கொண்டாடுகிற சத்தம் என்றால் தோளில் தூக்கிக்கொள்கிறோம். குமுறுகிற சத்தம் என்றால் காதைப் பொத்திக்கொள்கிறோம்.

மதுரைக்காரன் சத்தத்தைக் குறை சொல்வது, கடலோரத்துக்காரன் உப்பைக் குறை சொல்வது மாதிரி. காதுகுத்து என்றால் ரேடியோ செட், சடங்கு என்றால் ரேடியோ செட், கடை திறந்தால் செண்டை மேளம், கட்சித் தலைவர் வந்தால் ஆயிரம் வாலா. அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் வைகைக் கரையில் நின்றவனுக்கு அடுத்த நாள் வரை காதில் ஓர் ஊதல் இருந்துகொண்டே இருக்கும். அதை யாரும் இரைச்சல் என்று சொன்னதில்லை. நானும் சொல்ல மாட்டேன். அந்த நெரிசலில் உருமியும் வேட்டும் கோவிந்தா முழக்கமும் ஒன்றாகிவிடுகிற நொடி எனக்கும் வேண்டும். ஆகவே டெசிபல் கணக்கை இந்த வழக்கிலிருந்து தள்ளுபடி செய்துவிடலாம்.

மிச்சம் இருப்பது, யாருடைய சத்தம் என்ற கேள்வி. இந்த மண்ணில் பறைக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். துட்டி வீட்டில் அது வேண்டும், சாமி புறப்பாட்டில் பல ஊர்களில் அது வேண்டும். ஆனால் அதை அடித்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தியாயிற்று. நிறுத்தியவர்கள் அதற்கு வைத்த பெயர் சாவுக்கொட்டு. அது இசையா இரைச்சலா என்ற சந்தேகமே அவர்களுக்கு எழவில்லை. அதே தோல்கருவியை வாழ்நாள் முழுக்க வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் வந்த அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கருவி மாறவில்லை, அடி மாறவில்லை. மாறியது கேட்கிறவர்களின் காது. அதுவும் டெல்லியிலிருந்து கடிதம் வந்த பிறகு. பறைதல் என்றால் சொல்லுதல் என்பது தமிழ் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். சொல்கிறவன் யார் என்று பார்த்துக் காதை மூடுகிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

அதனால்தான் 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடையேறியதை எனக்குப் பிடித்த ராக் நிகழ்ச்சிகளின் பட்டியலில் மேலே வைக்கிறேன். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டிய குழு அது. பத்தொன்பது பேர். ஒரு பக்கம் கானா, பறை, சட்டி, கட்டமோளம். இன்னொரு பக்கம் மின்கிதார், பேஸ், டிரம்ஸ். அந்த ஆண்டே 'மகிழ்ச்சி' என்ற ஆல்பம் வந்தது. கிதாரைப் பறைக்குத் துணைக்கு வைத்தார்களா, பறையைக் கிதாருக்குத் துணைக்கு வைத்தார்களா என்று காது பிரித்துப் பார்க்க முடியாத இடங்கள் அதில் உண்டு. இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் அதில் பாட்டு உண்டு. 'சொல்லே புரியலை' என்கிற குற்றச்சாட்டு இங்கே எழவில்லை. சொல் நன்றாகவே புரிந்தது. அதனாலேயே சிலருக்கு அது இரைச்சலாகக் கேட்டது.

அடுத்து, 'நம்முடையது இல்லை' என்ற கட்சி. கர்நாடக சங்கீத மேடையில் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிடில் எங்கிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வெள்ளைக்காரனிடமிருந்து எடுத்து நம் மடியில் வைத்தது அது. கல்யாண ஊர்வலத்தில் சரிகைத் தொப்பி போட்டுக்கொண்டு போகும் பேண்டு செட், பட்டாளத்து அணிவகுப்பிலிருந்து இறங்கி வந்தது. பித்தளைக் குழலும் பெரிய டிரம்மும் போருக்குப் போகிறவனை நடத்துவதற்கு உண்டானவை. நாம் அதில் மாப்பிள்ளையை நடத்துகிறோம். இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த சாட்சி ஹார்மோனியம். ஐரோப்பியக் கருவி, நம் கமகத்துக்கு ஆகாது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தள்ளிவைத்தது. தடை தளர 1971 ஆயிற்று. அந்த முப்பத்தோரு வருடமும் மதுரைச் சீமையில் என்ன நடந்தது? சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடக மேடையில், ஓரத்தில் கால் பெட்டியை மிதித்துக்கொண்டு ஆர்மோனியக்காரர் ராஜாவாக உட்கார்ந்திருந்தார். வள்ளி எந்தச் சுருதியில் வாயைத் திறப்பது என்பதை அவர்தான் முடிவு செய்தார். வானொலி நிலையத்துக்கு அந்நியமான கருவி, வானொலிப் பெட்டியே இல்லாத கிராமத்துக்குச் சொந்தமாக இருந்தது.

ஒரு கருவி யாருடையது என்பதை அது பிறந்த ஊர் முடிவு செய்வதில்லை. அதை வைத்து எவன் அழுதான், எவன் பசி தீர்த்தான் என்பதுதான் முடிவு செய்கிறது. கிதாருக்கும் அதே சட்டம்.

கிதாரைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சின்ன வரலாறு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த தெருக்களில் வளர்ந்தவர்கள் 'பிளாக் சபாத்' குழுவினர். கிதார் வாசித்த டோனி அயோமிக்குப் பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் எந்திரத்தில் போயின. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்துவது வலது கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். இறுக்கமான தந்தி வலித்ததால் பின்னாளில் அதைத் தளர்த்திக் கட்டினார். தந்தி தளர்ந்ததும் ஒலி கீழே இறங்கிக் கனத்தது. இன்று 'ஹெவி மெட்டல்' என்று நாம் அழைக்கும் ஒலியின் கனத்தில் அந்த எந்திரத்துக்கும் பங்கு உண்டு. 1970-இல் வந்த அவர்களுடைய 'பாரனாய்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'வார் பிக்ஸ்'. வான்தாக்குதல் சங்கொலி அதில் ஊளையிடும். போரை மேசையில் உட்கார்ந்து தொடங்கிவைத்துவிட்டு ஏழைகளை அனுப்புகிறவர்களைப் பற்றிய பாட்டு. ஹார்வி மில் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு, சங்குக்கு வீடு திரும்பிய தலைமுறை நம் ஊரிலும் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒலி அந்நியம் என்று யார் சொல்வது?

அந்தக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 5 அன்று சொந்த ஊரில் கடைசி மேடை கண்டார். பதினேழு நாளில் இறந்தார். 'பார்த்தாயா, ராக் செத்துப்போச்சு' என்று எனக்கு வந்த செய்திகள் ஏராளம். கிழவர் இறந்தால் குடும்பம் அற்றுப்போயிற்று என்று யாராவது சொல்வார்களா? அயர்லாந்தின் 'ஃபான்டைன்ஸ் டி.சி.' 2024-இல் தந்த 'ரொமான்ஸ்' ஆல்பத்தில் ஒரு பாட்டு. பாடகருக்கு ரயில் நிலையத்தில் வந்த பீதியிலிருந்து பிறந்தது. மூச்சுத் திணறி இழுக்கிற ஒலியையே அதில் தாளமாக்கியிருக்கிறார்கள். பரீட்சை முடிவுக்கும் வேலைக்கான கடிதத்துக்கும் காத்திருந்து இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்த எந்தப் பையனுக்கும் அது மொழி தெரியாமலே புரியும். டெல்லியின் 'பிளட்டிவுட்' 2022-இல் 'ரக்ஷக்' ஆல்பத்தைக் கொண்டுவந்தது. டோல் மேளமும் தும்பி வாத்தியமும் மின்கிதாரோடு மோதும் அந்த ஒலியைப் பஞ்சாபி கல்யாணக் கூத்து என்று நினைத்துக் கேட்கத் தொடங்கினால், பாலியல் வன்முறையைப் பற்றியும் மக்களைப் பிரித்து ஓட்டு வாங்குகிறவர்களைப் பற்றியும் அது உறுமுவதைக் கேட்டு ஆடுகிற கால் நின்றுவிடும்.

புதிதாக வருவதெல்லாம் பொன் என்று நான் வாதாடவில்லை. 'ஸ்லீப் டோக்கன்' குழுவின் முகமூடியில் இருக்கிற மர்மம் அவர்கள் பாட்டில் இல்லை என்பது என் எண்ணம். பாடகரை இழந்து ஏழு வருடம் கழித்து லிங்கின் பார்க் கொண்டுவந்த 'ஃப்ரம் ஜீரோ' பாதி ஆல்பம்தான் தேறும். மீதி, பழைய வீட்டுக்கு அடித்த புதுச் சுண்ணாம்பு. போர் வரலாற்றையே பாட்டாக்கும் ஸ்வீடனின் 'சபாட்டன்' குழுவுக்கு உலகமெங்கும் கூட்டம். எனக்கு ஒத்துவரவில்லை. எல்லாப் போரும் அவர்களுக்கு வெற்றிக் கொட்டாகவே கேட்கிறது. அகழியில் அழுகியவனைப் பற்றிப் பாடும்போதும் கூட்டம் கையை உயர்த்திக் குதிக்க வேண்டியிருக்கிறது. ஆக, ராக்கிலும் கொண்டாடுகிற சத்தம் உண்டு. அதற்கும் நான் இதே தராசைத்தான் பிடிக்கிறேன்.

சபாட்டனிடம் எனக்குள்ள குறைதான் நம் போர்ப்படங்களிடமும். இங்கே அண்ணனோடு கொஞ்சம் உரத்தே சண்டை போட வேண்டியிருக்கிறது.

தமிழில் போர்ப்படம் எப்படிப் பிறந்தது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிலிம் சுருளுக்கு ரேஷன். படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது. போர் முயற்சிக்கு ஆதரவாகப் படமெடுக்கச் சொல்லி அரசு தயாரிப்பாளர்களை நெருக்கியது. 1945-இல் டி.ஆர். சுந்தரத்தின் 'பர்மா ராணி'யும் கே. சுப்ரமண்யத்தின் 'மானசம்ரட்சண'மும் அப்படி வந்தவை. சீனப் போர் நடந்த மறு வருடம், 1963-இல், சிவாஜியும் சாவித்திரியும் நடித்த 'இரத்தத் திலகம்'. ஆள் சேர்க்கவும் நிதி சேர்க்கவும் மனம் சேர்க்கவும் ஒரு காலத்தில் இவை தேவைப்பட்டிருக்கலாம். அவசர காலத்தில் அடித்த தண்டோராவையே கலையின் இலக்கணமாக்கிக்கொண்டு, எண்பது வருடம் கழித்தும் 'நெஞ்சு நிமிர்ந்ததா?' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் புகார்.

'அமரன்' 2024 அக்டோபர் 31 அன்று தீபாவளிக்கு வந்தது. 2014-இல் காஷ்மீரின் சோபியானில் உயிர் நீத்து, அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. நானும் பார்த்தேன், அழுதேன். எந்த இடத்தில் அழுதேன் என்பதுதான் விஷயம். இந்து ரெபேக்காவாகச் சாய் பல்லவி காத்திருக்கிற காட்சிகளில். பேசாமல் நிற்கும் அந்த முகத்தில் படம் போரின் விலையைச் சொல்லிவிடுகிறது. துப்பாக்கி வெடிக்கும் இடங்களிலோ பின்னணி இசை என் தோளைத் தட்டி, 'இப்போது விசிலடி, இப்போது எழுந்து நில்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. என் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டாவதற்குத்தான் விசிலடித்தார். முதலாவது வந்தபோது போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடை அண்ணன் கேட்கிற இரைச்சல் எங்கே இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அது என் செல்போனில் இல்லை.

'வீரனுக்கு மரியாதை செய்யக் கூடாது என்கிறாயா?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வைகையின் மேல்பக்கம், ஆண்டிபட்டிக்கு அருகே புள்ளிமான்கோம்பையில் 2006-இல் நடுகற்கள் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்து. ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு நட்ட கல்லில் அவன் பெயர், ஊர், எந்தப் பூசலில் இறந்தான் என்பது மட்டும். அடைமொழி கிடையாது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு நம் ஆற்றங்கரைக்காரன் வீரனுக்குச் செய்த மரியாதை அவ்வளவு சிக்கனமானது, அவ்வளவு கனமானதும்.

இலக்கியத்துக்கு வந்தால் அண்ணன் கட்சிக்கு இன்னும் சங்கடம். பாண்டியனைப் பற்றி நக்கீரர் பாடிய 'நெடுநல்வாடை'யில் போர்க்களக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பக்கம் அரண்மனையில் தூங்காத அரசி. மறுபக்கம் பாசறையில், நள்ளிரவில், வாடைக்காற்றில் விளக்குச் சுடர் சாய்ந்தாட, சேற்றில் குதிரைகள் மழைத்துளியை உதற, காயம்பட்டுக் கிடக்கும் தன் வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நடக்கும் அரசன். வேப்பந்தழை கட்டிய வேலால் ஒருவன் முன்னே சென்று புண்பட்டவர்களைச் சுட்டிக்காட்டுகிறான். அத்தோடு பாட்டு முடிகிறது. வெற்றி பெற்றானா என்றுகூடச் சொல்லவில்லை. தலையாலங்கானத்தில் எழுவரை வென்ற நெடுஞ்செழியனுக்கு மாங்குடி மருதனார் பாடியதோ 'மதுரைக்காஞ்சி'. பத்துப்பாட்டிலேயே நீளமானது, 782 அடி. அந்த மாபெரும் வெற்றி வீரனிடம் புலவர் சொல்ல வந்தது நிலையாமை. இதே ஊரில், இதே வீதிகளின் இரவுச் சந்தையை வருணித்துக்கொண்டே சொன்னார். நெஞ்சு நிமிர்வது மட்டுமே புறம் என்றால் காஞ்சித் திணை எதற்கு, கையறுநிலை என்றொரு துறை எதற்கு? தொல்காப்பியம் படித்த ஊர், போர்க்கலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் வாகைத் திணையோடு புத்தகத்தை மூடிவிடுகிறது.

மூடிய பக்கங்களில் என்ன போகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' 1957-இல் வந்து ஏழு ஆஸ்கார் வாங்கியது. ஜப்பானியர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் போர்க் கைதிகள் பட்ட பாடு கதை. அங்கே இறந்த நேச நாட்டுக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஆனால் அவர்களைப் போலப் பல மடங்கு ஆசியக் கூலிகள் இறந்தார்கள், அவர்களில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். படத்தில் அவர்கள் கதை இல்லை. படப்பிடிப்பு நடந்தது இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றின் மேல். தேயிலைத் தோட்டத் தமிழர்கள் வாழும் மலைகளின் அடிவாரத்தில். படத்தின் சீழ்க்கை மெட்டு உலகம் முழுக்கத் தெரியும். நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்களின் பெயர் தெரியாது. வெள்ளைக்காரன் எடுக்கவில்லை என்று குறை சொல்லிப் பயனில்லை. நாம் எடுத்தோமா?

எடுப்பதற்குக் கதை இல்லை என்றும் சொல்ல முடியாது. சிங்கம்புணரியில் பிறந்து, இந்தோனேசியாவின் மேடானுக்குப் பிழைக்கப் போய், போரை அங்கே கண்ணால் கண்டு திரும்பிய ப. சிங்காரம் நம் மதுரையில்தான் இருந்தார். தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனி வாசம். அவர் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வெளிவந்தது. தமிழின் ஆகப் பெரிய போர் நாவல் என்று நான் அதைச் சொல்வேன். ஜப்பான் படை நுழைகிற ஊர்கள், இந்திய தேசிய ராணுவம், கடல், கொலை, வியாபாரம். அதற்கு நடுவே நாயகன் பாண்டியனின் நினைவில் திரும்பத் திரும்ப மதுரைத் தெருக்கள். அதில் வீரம் இருக்கிறது, கூடவே வீரத்தின் மேல் ஏளனமும் இருக்கிறது. அந்த ஏளனத்துக்கு விசிலடிக்க ஆள் இல்லை என்பதாலோ என்னவோ, அது இன்னும் படமாகவில்லை.

வழி தெரியாதவர்கள் இல்லை நாம். 2019 டிசம்பரில் அதியன் ஆதிரை இயக்கி, பா. ரஞ்சித் தயாரித்த 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' வந்தது. கரை ஒதுங்கிய ஒரு பழைய குண்டு காயலான் கடைக்கு வந்து சேர்கிறது. போர் முடிந்து முக்கால் நூற்றாண்டு கழித்தும் அது யார் தலைமேல் தொங்குகிறது என்பது படம்: பழைய இரும்பு உடைக்கிறவன் தலைமேல். படத்தில் பட்டாளம் இல்லை, ஆனாலும் நான் பார்த்த தமிழ்ப் போர்ப்படங்களில் அதுவே முதலாவது. இசை யார் என்று பார்த்தால், டென்மா. கீழ்ப்பாக்கத்தில் பறையையும் கிதாரையும் மோதவிட்ட அதே ஆள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஒரு சாட்சி. 2023 மார்ச் 12 இரவு ஆஸ்கார் மேடையில் 'நாட்டு நாட்டு' சிறந்த பாட்டுக்கான விருதை வாங்கியது. மறுநாள் ஊரே அதைப் பேசியது, நியாயம்தான். அதே இரவில் சிறந்த பின்னணி இசைக்கான விருது எதற்குப் போனது என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்காது. 'ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' என்ற ஜெர்மன் படம், இசை வோல்கர் பெர்டெல்மன். அந்தப் படத்தில் மூன்றே மூன்று சுரம் அடிக்கடி வரும். கேட்டால் வயிற்றில் கல் விழும். அதை அவர் வாசித்தது தன் கொள்ளுப்பாட்டியின் ஹார்மோனியத்தில். பழைய பெட்டியைச் செப்பனிட்டு, ராக் கிதாருக்கு வைக்கிற மாதிரி ஒலிபெருக்கி வழியே அனுப்பி உறுமவிட்டிருக்கிறார். யாரையும் நிமிரச் சொல்லாத இசை. ஒவ்வொரு முறை அது வரும்போதும் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் போர் எந்திரத்துக்குள் இன்னும் ஓர் அடி இழுக்கப்படுகிறான்.

வீட்டில் அதை முதல் தடவை கேட்டபோது எனக்கு ஜெர்மனி ஞாபகம் வரவில்லை. சோழவந்தான் பக்கத்தில் எங்கள் ஊர்த் திருவிழாவின் நாடக இரவு ஞாபகம் வந்தது. அறுவடையான வயலில் மேடை. விடிய விடிய வள்ளி திருமணம். ஆர்மோனியக்காரர் கால் பெட்டியை மிதிக்கிறார். அவர் முன்னால் ஒரு மைக், அங்கிருந்து வயர் ஓடிப் புளியமரத்தில் கட்டிய ரேடியோ செட் குழாயில் முடிகிறது. நடுச்சாமத்துக்கு மேல் அவர் கட்டையை அழுத்த, குழாய் தாங்காமல் பிளிறும். ஒலி கிழிந்து, கரகரத்து, நெல் தாள்களுக்கு மேலே நடுங்கிக்கொண்டே போகும். அந்தக் கிழிந்த ஒலிக்கு உலகம் இப்போது ஆஸ்கார் கொடுத்திருக்கிறது. எங்கள் ஊரில் அதை யாரும் இரைச்சல் என்று சொல்லவில்லை. கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள்.

அண்ணனும் அப்படிப்பட்ட ஒரு வயலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்தான். அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். ஆகவே அவருக்குக் காது இல்லை என்று நான் நம்பவில்லை. தான் ஏற்கெனவே கேட்டு அழுத ஒலியை, கிதார் வழியே வந்தால் தகரக் கொட்டகை என்றும், போர்ப்படத்தில் வந்தால் நெஞ்சு நிமிரவில்லை என்றும் தள்ளிவிட அவரை ஊர் பழக்கியிருக்கிறது.

என்றைக்காவது ஒருவர் 'புயலிலே ஒரு தோணி'யைப் படமாக எடுப்பார். சயாம் பாதையில் கட்டை சுமந்தவனை அதில் காட்டுவார். இசைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. மதுரையில் ஓர் ஆர்மோனியக்காரரைப் பிடித்து, அவர் பெட்டியை மார்ஷல் பெருக்கியில் மாட்டி, பக்கத்தில் அலங்காநல்லூரிலிருந்து இரண்டு பறை வைத்தால் போதும். முதல் நாள் முதல் காட்சிக்கு அண்ணனுக்கும் சேர்த்து நானே டிக்கெட் எடுக்கிறேன். படம் முடிந்து சிம்மக்கல் வரை நடந்து வரும்போது அவர், "என்ன தம்பி, ஒரே சத்தம்" என்று சொல்லட்டும். எந்த இடத்தில் என்று மட்டும் கேட்பேன்.